முப்பதில் ஒன்பது

ஆறு வகுப்புக்கும் ஓர் அறை.
அறைக்கு ஒரு விறகடுப்பு, ஒரு நான்.
ஆறாம் வகுப்பு நீள்வகுத்தலில் மூழ்கும் நேரம்
மூன்றாம் வகுப்பு தானாகவே மிதந்தாக வேண்டும்.
அதற்குத்தான் இந்தச் செருப்புப் பெட்டிகள்.

ஒவ்வொரு மூடியிலும் என் கையெழுத்து:
எடு, செய், சரிபார், மூடி வை.
என்னைக் கூப்பிடாதே,
ரத்தம் வந்தால் தவிர.

முதல் பெட்டியில் எண்ணையும் படத்தையும் சேர்க்கும் சீட்டுகள்.
ரயேன் கடைசிச் சீட்டிலிருந்துதான் தொடங்குவாள்,
விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வியைத் தேடுகிறவள்.

இரண்டாவதில் அளவுக் கோப்பைகள், ஒரு டப்பா காய்ந்த பட்டாணி.
"எத்தனை கால் சேர்ந்தால் ஒன்று?" என்கிறது அட்டை.
எலெயூத்தேரியோ நிரப்பி நிரப்பிக் கொட்டுகிறான்.
அவன் மேசைக்கும் நாலு கால்தான், ஒன்று குட்டை;
பட்டாணியெல்லாம் ஜன்னல் பக்கமே உருள்கிறது.
சமமாகப் பிரி என்று
அந்த மேசைமேல் வைத்து எந்த முகத்தோடு சொல்வேன்?

மூன்றாவதில் காகித நாடாக்கள்.
பாதி எளிது, ஓரத்தோடு ஓரம் சேர்ந்தால் தீர்ந்தது.
மூன்றாக மடிக்க
எந்த ஓரமும் வழி சொல்லாது.
ஊகிக்க வேண்டும், பிரிக்க வேண்டும்,
தப்பான மடிப்பின் தழும்போடு மறுபடி ஊகிக்க வேண்டும்.
அந்தப் பெட்டியை ஒரு வாரமாக
யெர்கோ யாருக்கும் விடவில்லை.

தகரக் கூரையில் மழை. சிலோயேயில்
அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.
நாலு மணிக்கு நீர் ஏறியதும்
படகு வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனது.
நான் பெட்டிகளைத் திறந்தேன்.

நாடாக்களுக்கு அடியில் ஒரு நாட்காட்டித் துண்டு.
முப்பது கட்டம், வெட்டி நீளமாக ஒட்டியது.
மூன்றாக மடித்திருந்தது, மடிப்பு மயிரிழை பிசகவில்லை.
கடைசிப் பத்துக் கட்டத்துக்கு மஞ்சள்.
பின்பக்கம் பென்சிலில்:

அப்பா இருபது நாள் சால்மன் கூண்டில்.
பத்து நாள் வீட்டில்.
ஆகவே மூன்றில் ஒன்று.

அதற்குக் கீழே, அழுத்தி:
ஆனால் வந்த முதல் நாள் முழுக்கத் தூங்குவார்.

மஞ்சளில் முதல் கட்டம் கறுப்பாகியிருந்தது.
மூன்றில் ஒன்றை அடித்துவிட்டு
9/30.

இந்தக் கணக்கை நான் கொடுக்கவில்லை.
என் விடை அட்டையில் இதற்கு வரிசை இல்லை.
ஆனாலும் சிவப்புப் பென்சில் இருக்கிறதே,
பழகிய கை, அது பாட்டுக்கு எழுதத் தொடங்கிவிட்டது:
மிக எளிய வடிவில்

அங்கேயே நின்றேன்.
பத்தில் மூன்று. சரிதான்,
மேலேயும் கீழேயும் மூன்றால் வகுத்தால் போதும்.
ஆனால் ஒன்பது நாளை எண்ணி வைத்திருப்பவனிடம் போய்
மூன்று என்று எப்படிச் சொல்ல?
இரண்டும் சமம் என்று
சென்ற மாதம் கரும்பலகையில் நிரூபித்தவளும் நான்தான்.

அழித்தேன். சிவப்பு லேசில் போகாது,
ஒரு ரோஜாக் கறை நின்றுவிட்டது.

மறுநாள் நாலாவது பெட்டி.
பழைய நாட்காட்டிகள், கத்தரிக்கோல், பசை.
மூடியில் எதுவும் எழுதவில்லை.
ஒடிலியா தன் கோழி முட்டையிட்ட நாட்களை வெட்டினாள்;
பதினொன்று, பூனைமேல் சந்தேகம்.
எலெயூத்தேரியோ ஜூலை முழுவதும் நீலம் அடித்து
ஆறாம் வகுப்பின் நடுவே எழுந்து வந்தான்.
முப்பத்தொன்றில் முப்பத்தொன்று.
"இது பின்னமா டீச்சர், வெறும் மழையா?"
ரத்தம் வரவில்லை, இருந்தாலும் பதில் சொன்னேன்:
இரண்டும்.

யெர்கோ மட்டும் அன்று வரவில்லை.
வருகைப் பதிவேட்டில் கோடு போடும்போதுதான்
தேதியைப் பார்த்தேன்.
அவன் நாடாவை எடுத்து விரலால் எண்ணினேன்.
கறுப்புக் கட்டம்.

தூங்குகிறவரைப் பார்க்க
வீட்டிலேயே இருந்துவிட்டான்.